வாசலில் நாலடி மண்

(கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் நேரமில்லாமல் விழுங்கிய சில வரிகளை எழுதும்போது சேர்த்துக்கொண்டேன்.)

விழாத் தலைவர் அய்யா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் ஒவ்வொரு வருஷமும் திறந்துவிடுகிற தலைமையாசிரியை அம்மா அவர்களே, மல்லிகைப் பூவைவிட மெதுவாகப் பேசி நோயாளியின் பாதி நோயை அங்கேயே இறக்கிவிடுகிற நம் டாக்டரய்யா அவர்களே, எங்கள் வீதிக்கு முழுசாகப் பேவர் கல் பதித்துக் கொடுத்திருக்கிற வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே (அந்தக் கல்லைப் பற்றிப் பிறகு பேசுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது), சத்தியமங்கலத்திலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிற பூ வியாபாரி நண்பர்களே, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற தம்பி, பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருஷம் பொருளாளரை விட்டுவிட்டேன், இன்றுவரைக்கும் ரசீது தரவில்லை. பொருளாளர் அவர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னை இயற்கை ஆர்வலர் என்றார்கள். அதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் முப்பத்தோரு வருஷம் மின்சார வேலை பார்த்தவன். கம்பியில் கிளை உரசினால் ஏணியைப் போட்டு வெட்டுவது எங்கள் வேலையில் ஒரு பங்கு. கோபிக்கும் சத்திக்கும் நடுவில் நான் கை வைக்காத புளியமரம் குறைவு. இப்போதும் அந்த ரோட்டில் பஸ்ஸில் போனால் மரமெல்லாம் என்னைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்கிற மாதிரித்தான் இருக்கும். அதனால் நான் இன்றைக்குப் பேசப்போவதைப் பிராயச்சித்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, பூவும் செடியும் நம் அன்றாட வாழ்க்கைக்கும் மனசுக்கும் என்ன செய்யும் என்பது. ஐந்து செய்தி குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கண், மூக்கு, கை, வயிறு, உறவு. ஐந்தையும் சொல்லி முடித்துவிடுவேன் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. 'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்.' நம் ஊரில் இதை யார் எப்போது சொல்கிறார்கள்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறான். பையனுக்கு வேலை கிடைக்கவில்லையா, மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான். மழை இல்லையா, மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான். எங்கள் அப்பாரு இதைக் கேட்டாலே கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார். "சாமியச் சொல்லலடா, வச்சவனைச் சொல்லுச்சு. நீ வச்சியா? அப்ப நீ ஊத்து" என்பார். நான் படித்த வேதாந்தம் இவ்வளவுதான்.

ஜூன் 5 வந்தால் சுற்றுச்சூழல் நாள். நாமெல்லாம் போய்ப் பச்சைத் துணி கட்டிய இடத்தில் நின்று செடி நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். மேடையில் இருக்கிற பெரியவர்களும் வந்திருக்கிறார்கள், நானும் நின்றிருக்கிறேன். போன வருஷம் வைத்த அதே குழியில்தான் இந்த வருஷமும் வைத்தோம். குழி வெட்டுகிற கூலி மிச்சம். வைத்தவர் நாங்கள், ஊற்றியவர் யார்? மாடு வந்தது, அது தன் வேலையைச் செய்துவிட்டுப் போனது.

சரி, கண்ணுக்கு வருகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்கிறவர் எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கத்து அறைகளில் சன்னலுக்கு வெளியே மரங்கள். இன்னொரு பக்கத்தில் செங்கல் சுவர். வயது, நோய் எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி இந்தப் பக்கம் 23 பேர், அந்தப் பக்கம் 23 பேரை எடுத்துக்கொண்டார். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியில் முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கடுமையான வலி மாத்திரையும் குறைவாகத்தான் கேட்டிருக்கிறார்கள். 1984-இல் 'சயின்ஸ்' பத்திரிகையில் இது வந்தது. மொத்தம் 46 பேர்தான், சின்னக் கணக்குத்தான், டாக்டரய்யா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நோயாளிகள் யாரும் மரம் வைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. சும்மா பார்த்தார்கள். பார்த்ததற்கே அவ்வளவு.

இப்போது உங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்து பாருங்கள். எதிரே பக்கத்து வீட்டுச் சுவர், நடுவில் இரண்டு தண்ணீர்த் தொட்டி, கீழே குனிந்தால் சாம்பல் கலரும் சிவப்புக் கலரும் மாற்றி மாற்றிப் பதித்த கல். பென்சில்வேனியாக்காரனுக்குச் செங்கல் சுவராவது ஒரே கலரில் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பொய்யையும் உடைத்துவிட வேண்டும். செடி வாங்கி ஹாலில் வைத்தால் காற்றைச் சுத்தம் பண்ணும் என்று நர்சரியில் சொல்லிச் சொல்லி விற்கிறார்கள். நாசா 1989-இல் ஒரு சோதனை செய்தது உண்மைதான். ஆனால் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை அது. நாம் யாரும் அடைத்த பெட்டிக்குள் குடியிருக்கவில்லை. பிற்பாடு 2019-இல் அந்த மாதிரிச் சோதனைகளையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டவர்கள், கதவு சன்னல் இருக்கிற வீட்டில் அந்தப் பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, கூடினால் ஆயிரம் வரைக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆயிரம் செடி வைத்தால் நாம் எங்கே படுப்பது? சன்னலைத் திறந்து வையுங்கள், போதும். நர்சரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். செடி வாங்குங்கள், பொய்க்காக வாங்காதீர்கள்.

மூக்கு. இதைப் பற்றிச் சத்திக்காரர்கள் முன்னால் நான் பேசினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். மல்லி, முல்லை, காக்கடா, சம்பங்கி, கனகாம்பரம், செண்டுமல்லி என்று மலையடிவாரம் முழுக்கப் பூக்காடு. விடியும் முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கிறார்கள். மல்லி மொட்டு சாயங்காலம்தான் விரியும் என்பதால் அத்தனை அவசரம். மார்கழி, தையில் பனி இறங்கி வரத்துக் குறைந்துவிட்டால் கிலோ ஆயிரங்களைத் தொடும். அந்த நேரத்தில் முழம் வாங்குகிற தாய்மார்கள் முகத்தைப் பார்த்தால் மனநலம் என்ன பாடுபடும் என்று தெரியும். மணம் மூளைக்குள் போகிற வழி மற்றப் புலன்களைவிடக் குறுக்குவழி. நினைவும் உணர்ச்சியும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போய்விடுகிறது. அதனால்தான் காக்கடா வாசம் வந்தால் எனக்கு அம்மிச்சி வீட்டுத் திண்ணை ஞாபகம் வருகிறது. அம்மிச்சி முகம்கூட மங்கிவிட்டது, திண்ணை மங்கவில்லை.

இன்னொன்று. கொங்கு என்ற சொல்லுக்கே தேன், பூந்தாது என்று பொருள். குறுந்தொகையில் இரண்டாம் பாட்டு, 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்றுதான் ஆரம்பிக்கிறது. நம் நாட்டுக்குப் பேர் அதிலிருந்துதான் வந்ததா என்று புலவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பேர் பொருந்துகிறதா என்று மட்டும் நான் கேட்கிறேன். தேனீ வந்து உட்கார நம் வாசலில் என்ன இருக்கிறது? கல் இருக்கிறது.

மூன்றாவது, கை. இங்கேதான் ஒரு கதை சொல்ல வேண்டும். இதில் வருகிற ஆளின் பேரைச் சொல்லமாட்டேன். மூன்றாவது வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற மறு வருஷம். வாசலில் ஒரு செம்பருத்தி, நல்ல ரத்தச் சிவப்பு. ராத்திரி படுக்கும் முன்னால் டார்ச் அடித்து மொட்டு எண்ணுவேன். பதினேழு மொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து பார்த்தால் மூன்று பூ. அந்த மூன்றும் உச்சாணிக் கிளையில், யாருக்கும் எட்டாத உயரத்தில். மறுநாளும் அப்படியே. பால்காரரைச் சந்தேகப்பட்டேன், பாவம். பேப்பர் போடுகிற பையனைச் சந்தேகப்பட்டேன், அவன் கேட்டுக்குள் வருவதே இல்லை, பேப்பரை எறிந்துவிட்டுப் போகிறவன். எதிர்வீட்டுப் பாட்டியம்மாவை ஒரு வாரம் முறைத்தேன், அந்தம்மா எனக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துச் சொட்டு மருந்து பேர் சொன்னது. என் வீட்டுக்காரி, "பூத்தானே போகுது, சாமிக்குத்தானே போவும், தூங்குங்க" என்றாள். முப்பத்தோரு வருஷம் மின்சாரத் திருட்டைப் பிடித்தவன் பூத்திருட்டை விட்டுவிடுவானா?

மார்கழி மாசம். நாலரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் போர்வையோடு உட்கார்ந்தேன். பனி. கேட்டுக்கு வெளியே செருப்புச் சத்தம். குரங்குக் குல்லா போட்ட ஓர் உருவம், கக்கத்தில் மஞ்சப்பை. குடையைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த கைப்பிடியைக் கிளையில் மாட்டி, என்ன லாவகமாக இழுக்கிறது தெரியுமா! லைன்மேன் வேலைக்கு எடுத்திருக்கலாம். ஒரு பூ, இரண்டு பூ, ஆறு பூ. விட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தேன். எட்டாவது பூவுக்கு டார்ச்சை முகத்தில் அடித்தேன்.

குல்லாவுக்குள் இருந்தது என் சம்பந்தி.

என் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. இரண்டு வீதி தள்ளி. பூவைப் பறிகொடுத்தவன் நான். ஆனால் பேச்சை ஆரம்பித்தது அவர். "ஏனுங் சம்பந்தி, இந்நேரத்துல எந்திரிச்சு உக்காந்திருக்கறீங்க, ஒடம்புக்கு ஏதும் ஆகலீங்களா?" என்கிறார். குடை இன்னும் கிளையில் தொங்குகிறது! நான் என்ன சொல்வது? பொண்ணைக் கொடுத்தவன் பூவைக் கேட்க முடியுமா? "ஒண்ணுமில்லீங்க, சும்மா காத்தாட உக்காந்தேனுங்க" என்றேன். மார்கழிப் பனியில், காற்றாட. அதோடு விட்டேனா? "மேல மூணு இருக்குதுங்க, இருங்க" என்று உள்ளே போய் மாங்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துவந்து அந்த மூன்றையும் நானே பறித்து அவர் பையில் போட்டேன். என் வீட்டுக்காரி காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கதை இங்கே முடியவில்லை. ஆறு மாசம் கழித்து மகள் போன் பண்ணினாள். மாமனாருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டதாம், மாத்திரையைக் குறைத்துவிட்டார்களாம். எப்படி என்று விசாரித்தால், அந்த மனுஷனுக்கு நடக்கச் சொல்லி டாக்டர் வருஷக்கணக்கில் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். "சும்மா நடக்கறதுக்கு எனக்கென்ன கோட்டியா" என்று மறுத்தவர். பூவுக்காகத் தினமும் மூன்று வீதி, பதினோரு வீடு. ஒரு வீட்டில் நந்தியாவட்டை, ஒரு வீட்டில் பவழமல்லி, கடைசி வீட்டில் காம்பவுண்டு ஏறி எட்ட வேண்டிய செண்பகம். எக்கிப் பறிக்கிறார், குனிந்து பொறுக்குகிறார். விடியலில் மனுஷ முகம் பார்க்கிறார். நாய் துரத்தினால் ஓடவும் செய்கிறார்.

நான் செய்த தப்பு என்னவென்றால், நல்லது செய்வதாக நினைத்து அவருக்கு ஒரு செம்பருத்திக் குச்சி கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் என் பூவைக் காப்பாற்றத்தான் கொடுத்தேன். அவர் வீட்டுவாசலில் ஓர் அங்குல மண் கிடையாது, சுவரிலிருந்து சாக்கடை வரைக்கும் பேவர் கல். நானும் அவரும் கடப்பாரையை எடுத்து நாலடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்தோம். அடியில் எம் சாண்ட், அதற்கடியில் வீடு கட்டினபோது கொட்டின சிமெண்டுக் கழிவு. அந்த மண்ணில் குச்சி துளிர்த்தது, ஆனால் நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சள். சுண்ணாம்பு ஏறின மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. அன்னபேதி என்கிற இரும்பு உப்பை ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளித்தோம். தொழுவுரம் கொட்டினோம். இரண்டு பேரும் மம்மட்டி பிடித்து எத்தனை வருஷம்! உள்ளங்கை கொப்பளித்தது, ஆனால் அந்த ஒரு வாரம் இரண்டு பேரும் ராத்திரி எட்டரைக்கெல்லாம் தூங்கிவிட்டோம். சம்பந்திகளாகி ஏழு வருஷத்தில் பேசாததை அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். 'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்' என்றேன். தினமும் ஊற்றினார். மறு வருஷம் பூத்துத் தள்ளிவிட்டது.

பூத்தவுடன் என்ன ஆச்சு? நடை நின்றுபோச்சு. கதவைத் திறந்தால் பூ, எதற்கு நடக்க வேண்டும்? சர்க்கரை ஏறிவிட்டது! இப்போது என் வீட்டுக்காரி தினமும் அஞ்சு மணிக்குப் போன் பண்ணுகிறாள். "ஏனுங்ணா, பூ அப்படியே நிக்குதுங்க, வந்து பறிச்சுட்டுப் போங்க." அவர் வருகிறார். ஆனால் அரைமனசாக வருகிறார். ஏனென்றால் அவர் வீட்டுச் செம்பருத்தியில் யாரோ கை வைக்கிறார்களாம். ராத்திரி டார்ச் அடித்து மொட்டு எண்ணுகிறாராம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வயிறு பற்றிச் சொல்ல வேண்டியது, முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி என்று ஒரு தாள் நிறைய வைத்திருக்கிறேன், விட்டுவிடுகிறேன். ஒரே ஓர் எச்சரிக்கை. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் அரளி வேண்டாம். அழகுதான், தண்ணீர் கேட்காதுதான், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

உறவு என்பதில் நான் சொல்ல நினைத்தது நோம்பி, நம் பக்கத்துப் பண்டிகை. தைப்பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுகிறோமே, ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. பொண்ணுப் பிள்ளைகள் கூட்டமாகக் காட்டுக்குப் போய், பாட்டுப் பாடி, ஆவாரம்பூப் பறித்து, கட்டிக்கொண்டு போன பலகாரத்தைப் பங்கு போட்டுத் தின்று வருகிற நாள். நடை, வெயில், பாட்டு, கூட்டம். இன்றைக்கு மனநல மருத்துவர்கள் சீட்டில் எழுதிக்கொடுக்கிற நாலும் அதில் இருந்தது. இப்போது காப்புக்கட்டு மார்க்கெட்டில் ரப்பர் பேண்டு போட்டு விற்கிறது. வாங்கிவந்து கட்டுகிறோம். ஆவாரஞ்செடி நின்ற இடம் மனையாகிவிட்டது. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டை, அதாவது மாடு மேய்கிற புல்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டிருந்தார்கள், உயிர்வேலி, மழை பெய்தால் பச்சைப் பசேல் என்று துளிர்க்கும். அங்கேயும் இப்போது கல்லுக்கால், கம்பிவேலி. இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும், கூப்பிட்டால் வருகிறேன்.

இப்போது வார்டு உறுப்பினர் அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கல் பதித்தது சேறு இருக்கக் கூடாது என்ற நல்ல மனசில்தான். வீதிக்கு வேண்டும்தான். ஆனால் வீதிக்குப் போட்டதைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலையும் மூடிவிட்டார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கல் ராத்திரி பத்து மணிவரைக்கும் அதைக் கக்குகிறது. நம் பக்கம் மழைமறைவுப் பூமி. பெய்கிற கொஞ்சத்தையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஆயிரம் அடி போர் போட்டுக் காற்று வருகிறது என்கிறோம். கொடிவேரித் தண்ணீர் பாய்கிற ஊர் இது. பச்சையைத் தேடிச் சினிமாக்காரர்கள் வந்து படம் பிடித்த ஊர். அவர்கள் தேடி வந்ததை நாம் கல் போட்டு மூடுகிறோம். மார்கழியில் கோலத்து நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ வைக்கிறோமே, அந்தப் பூசணிக்கொடி படர ஓர் அடி மண் விட்டோமா?

நான் கேட்பது பெரிய பூங்கா இல்லை. கோயமுத்தூரில் காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்கா நாற்பத்தைந்து ஏக்கர். 2010-இல் செம்மொழி மாநாடு நடந்தபோது பேசிய பூங்கா. அவ்வளவு நாள் காத்திருக்க எனக்கு வயசில்லை. வாசலில் நாலடி மண் விடுங்கள். நாலடிக்கு நாலடி. புது வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த இடத்தில் கலவை கொட்டக் கூடாதென்று. ஏற்கெனவே மூடினவர்கள் எட்டுக் கல்லைப் பெயர்த்தால் ஒரு மல்லிக்கு இடம் கிடைக்கும். வாடகை வீட்டுக்காரர்கள் வீட்டுக்காரரிடம் என் பேரைச் சொல்லுங்கள், திட்டு நான் வாங்கிக்கொள்கிறேன். நகர்மன்றத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா என்று அம்மா யோசிக்க வேண்டும். யோசிக்கிறேன் என்று தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்து வாசலில் மேசை போட்டு நூறு மல்லிப் பதியன் வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். நோட்டில் பேரும் வீட்டு நம்பரும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் படுகிற இடமாக வையுங்கள். கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ண வேண்டும், அதற்கு நானே கத்திரியோடு வீடு வீடாக வருவேன். மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான். ஊற்றினீர்களா இல்லையா என்று செடியே என்னிடம் சொல்லிவிடும்.

கல்லைப் பெயர்க்கக் கடப்பாரை இல்லாதவர்கள் அந்த நோட்டில் பேருக்கு நேராக ஒரு புள்ளி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடப்பாரையோடு வருகிறேன். என் சம்பந்தியும் வருவார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, இப்போதுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வணக்கமுங்க.